பிஸ்கட்டுக்காரர் கண்டுபுடிச்ச வெள்ளிக்கிழமை

...பிஸ்கட்டு வித்த ஆளு சார்! எங்க டிவி செய்யற கம்பெனிக்குப் பெரிய தலையா கொண்டாந்து வச்சிகீறாங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க, கால் மரத்துப் போச்சு. சிங்கபெருமாள் கோவில்ல ஏறுனா ஒரகடம் வரைக்கும் இந்த ஷேர் ஆட்டோல இதே ரோதனை... இன்னா சொன்னேன்? ஆங், பிஸ்கட்டு. கம்பெனி ரெண்டு வருசமா படுத்துகீதுல்ல, தூக்கி நிறுத்த வந்துகீறாராம். புனேகாரரு. தமிழ்ல 'வணக்கம்', 'சீக்கிரம்', ரெண்டே வார்த்தை.

வந்ததும் ஏசி ரூம் வேணாம்னுட்டு வேலை நடக்கற லைன்லயே நாற்காலி போட்டு குந்திகினாரு. ஆஹா, தியாகி! பத்தொம்பது வருசமா அந்தத் தரையத் தொடைக்கிறவன் நானு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? 'காலத் தூக்குங்க'ன்னு நான்தான் சைகை காட்னேன். தூக்குனாரு. அவ்ளோதான் எங்க பேச்சுவார்த்தை.

ஒரு மாசம் குந்திகினு இன்னா கண்டுபுடிச்சாருன்றீங்க? வெள்ளிக்கிழமையானா டிவிக்குள்ள வைக்கிற நல்ல போர்டெல்லாம் ரிஜெக்ட் ஆவுதாம். அடடா! கிழமை சொல்றதுக்கு ஜோசியக்காரன் போதாதா?

நேத்து அந்த போர்டப் படம் புடிச்சி செக் பண்ற மிஷினத் தொறந்து பாத்தா, கேமரா மேல செவப்புத் தூளு. அங்க நிக்கறது வேல்விழின்னு ஒரு தூத்துக்குடிப் பொண்ணு. அது நெத்தில குங்குமம். போதாதா? இன்னிக்குப் பத்து மணிக்குள்ள 'நான்தான் கொட்டுனேன்'னு ஒத்துக்கணுமாம், இல்லன்னா ஊருக்குப் பெட்டி கட்டணுமாம். 'தாத்தா, நான் ஒண்ணுஞ் செய்யலியே'ன்னு கேன்டீன்ல சோத்தப் பெசஞ்சிகினே அழுவுது.

செய்யல சார். எனக்குத் தெரியாதா?... இன்னா அப்டிப் பாக்குறீங்க? அந்தக் கேமராவ எல்லாரும் 'கண்ணு'ன்னுதான் சொல்லுவாங்க. கண்ணுன்னு இருந்தா மேல நெத்தி இருக்கும்ல? கம்பெனி படுத்ததுலேர்ந்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மூடியத் தொறந்து, சுத்தமா தொடைச்சி, ஒரு குங்குமப் பொட்டு வைப்பேன். நல்லாயிருக்கணும்னுதான் சார்! மிஷின் ஆடற ஆட்டத்துல அது உதுந்து கண்ணுல வுழும்னு எனக்கு எவன் சொன்னான்? சனிக்கிழமை நானே தொடைச்சிடுவேன், அன்னிக்கு எல்லாம் பாஸு.

டிரைவரே, ஓரங்கட்டுப்பா, கம்பெனி கேட்டு வந்துடுச்சு. எறங்குறேன் சார். வேலை போனா போவட்டும், அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அந்தாளு மூஞ்சிக்கு எதுருல நின்னு, 'வெள்ளிக்கிழமைன்னு நீங்க சொன்னது சரிதான் சார்'னு என் வாயால சொல்லணும் பாருங்க... அத நெனச்சாதான் வயிறு எரியுது.