கார்ட்டர் கட்சி ராவுத்தர்

வேணாம் தம்பி, உள்ள வைங்க. உங்க துண்டு நல்ல துண்டுதான், தொட்டாலே தெரியுது. ஈரோடுதானே? பக்ஷே எனக்கு இப்ப புதுசு வேணாம். மடியில கிடக்கற இந்தப் பழசப் பாத்துட்டுத்தான் பெட்டியத் தொறந்தீங்கன்னு புரிஞ்சுது. கிழிஞ்சுதான் கிடக்கு, கிழியட்டும். இது தோள்ல போடற துண்டு இல்ல, தொழில் துண்டு.

நீங்க தமிழ்ல விலை சொன்னதுனாலதான் நானும் வாயத் தொறந்தேன். இல்லாட்டி மட்டாஞ்சேரில இந்தப் படகுல ஏறினா எறணாகுளம் வர்ற வரைக்கும் காயல் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருவேன். எம்பேரு முகைதீன் பிச்சை. ஊர்ல ராவுத்தர்னாத்தான் தெரியும். கொச்சங்காடில மிளகு கிட்டங்கி வெச்சிருக்கேன். கப்பல்ல போற மிளகு.

நானா? ஒரு ஆளப் பாக்கப் போறேன். நாலு வருஷமா எங்கூடப் பேசாத ஆளு. நானும் அவரோட பேசல. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பாத்தாகணும். நாளைக்குன்னா விஷயம் பழசாயிரும்.

சே, சே, சொத்துத் தகராறெல்லாம் இல்ல. அவரு ஐயரு, நான் ராவுத்தர், எங்களுக்குள்ள என்ன சொத்து. சொன்னா சிரிப்பீங்க. அமெரிக்கா எலெக்ஷன்.

பாத்தீங்களா. சிரிங்க, சிரிங்க. மார்க்கெட் பூரா சிரிச்சு ஓஞ்சாச்சு. கார்ட்டர் கட்சி ராவுத்தர், ரீகன் கட்சி சாமின்னு எங்களுக்குப் பேரே விழுந்துருச்சு. மூட்டை தூக்கற சுமட்டுக்காரன்லேர்ந்து சாயாக்கடைக்காரன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடறான்.

என்ன? ஆமா, தெரியாமலா. இந்திராம்மா போய் ஒரு வாரந்தான் ஆச்சு. படகு ஜெட்டியில கொடி பாதிக் கம்பத்துல தொங்கறத நானும் பாத்துட்டுத்தான் ஏறினேன். ரேடியோவத் திருப்பினா வீணை அழுதுக்கிட்டே இருக்கு. நம்ம வீட்ல இப்படிக் கிடக்கறப்ப அமெரிக்காக்காரன் எவனத் தூக்கி வெச்சா உங்களுக்கென்னன்னு எம் பெஞ்சாதி சுல்ஃபத்தும் காலைல சத்தம் போட்டா. மச்சினன் கமாலுதீன் துபாய்லேர்ந்து கொண்டுவந்த ரேடியோவக் காதுல வெச்சுக்கிட்டு லண்டன் நியூஸ் தேடிக்கிட்டிருந்தேன். அவ சொன்னதுல தப்பில்ல. ஆனாலும் ரேடியோவ விடல தம்பி.

சாமி யாருன்னு சொல்லலயே. வெங்கிடாசலம்னு பேரு, பாலக்காட்டுப் பக்கம். மிளகுத் தரகு பாக்கறவரு. விக்கறவனையும் வாங்கறவனையும் சேத்து வைக்கறது அவரு ஜோலி. நான் கிட்டங்கி தொறந்த நாள்லேர்ந்து எனக்கு அவருதான் தரகு. மத்தியானம் சந்தை முடிஞ்சா ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து சாயா குடிப்போம். ஊர்ல இருக்கற மந்திரிகள ரெண்டு பேரும் சேந்து திட்டுவோம். இடதாவது வலதாவது, அதுல எங்களுக்குள்ள ஒரு தர்க்கமும் கிடையாது. அமெரிக்கான்னாத்தான் கொம்பு முளைச்சிரும்.

ஏன்னா மிளகு அங்க போகுதுல்ல. நியூயார்க்குல வாங்கறவன் சொந்தக் காசுலயா வாங்கறான்? பாங்குல கடன் எடுத்து வாங்கி அடுக்கி வைக்கறான். அங்க வட்டி ஏறினா அடுக்கமாட்டான். அன்னன்னிக்கு அரைக்கறதுக்கு மட்டும் வாங்குவான். இங்க என் கிட்டங்கில சாக்கு மேல சாக்கு நிக்கும். ரஷ்யாக்காரன் வாங்கினதுனாலதான் பல வருஷம் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. அதனால அங்க யாரு நாற்காலில உக்காந்து வட்டியப் பத்தி என்ன சொல்றான்னு நாங்க கேக்காம வேற யாரு கேக்கறது.

எனக்குக் கார்ட்டரப் பிடிக்கும். நிலக்கடலை பயிர் வெச்சு வளர்ந்த மனுஷன். சரக்கக் காயப் போட்டுட்டு மழை வருதான்னு ஆகாசத்தப் பாத்தவன். அவனுக்குத் தெரியும்னு நான் சொல்லுவேன். சாமி விடமாட்டாரு. என்ன தெரியும் ராவுத்தரே, அவன் நாட்டுல விலைவாசி கூரையப் பிச்சுக்கிட்டுப் போகுது, வட்டி ஏறினது அவன் காலத்துலதானேம்பாரு. ரீகன் வந்தா வரியக் குறைப்பான், டாலர் உசரும், ஒரு டாலருக்கு நமக்கு அதிக ரூபா வரும்பாரு. டாலர் உசந்து என்ன சாமி, வாங்க ஆளு வேணாமாம்பேன் நான். சினிமாவுல வேஷம் கட்டினவனுக்கு மிளகு எது, மண்ணு எதுன்னு தெரியுமாம்பேன். சாயா ஆறிரும். சுத்தி நிக்கறவங்க ஏத்தி விடுவாங்க. அப்பெல்லாம் அது ஒரு ரசம் தம்பி, கோவம் இல்ல.

எம்பதாம் வருஷம்தான் கெட்டுது. அந்த எலெக்ஷனுக்கு முன்ன என் கிட்டங்கி நெறஞ்சு கிடக்கு. சாமி வந்து, வித்துருங்க ராவுத்தரே, கார்ட்டர் தோப்பான், இனி ஒரு வருஷம் இந்த விலை பாக்கமாட்டீங்கன்னாரு. நான் கேக்கல. கார்ட்டர் ஜெயிப்பான், வட்டி இறங்கும், விலை ஏறும்னு நின்னேன். அவரு மறுபடி மறுபடி சொன்னாரு. நானும் சலிச்சு, நாலு பேரு முன்ன, சாமிக்குத் தரகு வேணும், அதுக்குத்தான் இந்தப் பாடுன்னுட்டேன். அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. தரகன்கிட்ட அதச் சொல்லக்கூடாது, கேட்டீங்களா. எதையும் சொல்லலாம், அத மட்டும் சொல்லக்கூடாது.

ரிசல்ட் வந்துது. கார்ட்டர் மண்ணக் கவ்வினான். சாமி சுமட்டுக்காரங்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் குடுத்தாரு. எனக்கு ஒரு பொட்டலம் குடுத்து விட்டாரு. பிரிச்சுப் பாத்தா வறுத்த கடலை. கார்ட்டர் கடலைக்காரன்ல, அந்தக் கிண்டல். வேற ஒரு நாளா இருந்தா நானே சிரிச்சுக்கிட்டுத் தின்னிருப்பேன். அன்னிக்குக் காலைலதான் வாங்கறதா இருந்த கம்பெனிக்காரன் வேணாம்னு தந்தி அடிச்சிருந்தான். கடலையத் தெருவுல வீசினேன். அவரும் சும்மா இருக்கல. சரக்கே தெரியாதவனுக்கு உலகம் எங்கேர்ந்து தெரியும்னாரு, எல்லாரும் கேக்க. அத்தா காலத்துலேர்ந்து மிளகுல கை வெச்சவன் நான்.

இல்ல, அவ்வளவுதான். கை கலப்பெல்லாம் இல்ல. யாரு முதல்ல பேச்ச நிறுத்தினோம்னு கேட்டா எனக்கே ஓர்மையில்ல. மறுநாள் அவரு பேசல, நானும் பேசல. அடுத்த நாளும் அப்படியே போச்சு.

தொழிலா? அது நிக்கல. அதுதான் வந்த கேடே. இந்தத் துண்டு எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இப்பச் சொல்றேன். எங்க சந்தையில விலைய வாயால சொல்றதில்ல. பக்கத்துல நிக்கறவன் கேட்டுருவான்ல. அதனால ரெண்டு பேரு கை மேலயும் துண்டப் போட்டு மூடிக்கிட்டு, அடியில விரலப் பிடிப்போம். முதல்ல பிடிக்கறது பத்துக் கணக்கு. அப்புறம் பிடிக்கறது ஒத்தைக் கணக்கு. மூணு விரலப் பிடிச்சா மூணு. அஞ்சுக்கு மேலன்னா முழுக் கையப் பிடிச்சு விட்டுட்டு மிச்ச விரலப் பிடிக்கணும். சம்மதம்னா ஒரு அழுத்து, இல்லன்னா கைய இழுத்துக்கறது. உங்க பக்கம் மாட்டுச் சந்தையில பாத்திருப்பீங்க.

அப்ப வாய் எதுக்கு வேணும்? சாமி வருவாரு, துண்டப் போடுவாரு, விலையப் பிடிப்பாரு, நான் அழுத்துவேன், போயிருவாரு. அவரு சாக்கடையப் பாத்துக்கிட்டு நிப்பாரு, நான் கூரை ஓட்டப் பாத்துக்கிட்டு நிப்பேன். தொழில் நின்னு போயிருந்தா ஒரு வாரத்துல அவரு வந்திருப்பாரு, இல்லாட்டி நான் போயிருப்பேன். வயித்துப் பாடு இழுத்து வந்திருக்கும். துண்டு இருந்ததுனால அந்த அவசியமே வரல. வேற எந்த ஊர்லயும் ரெண்டு பேரு இப்படி நாலு வருஷம் பேசாம பொழப்பு நடத்தியிருக்கமாட்டாங்க. எங்க ஊர்லதான் முடியும்.

யாரு சொன்னது பலிச்சுதா? அதக் கேளுங்க. ரீகன் வந்தா நமக்கு அதிக ரூபா வரும்னு சாமி சொன்னாரு, அங்க வட்டி இன்னும் வல்லாத்த உசரத்துக்குப் போச்சு. மிளகு படுத்துருச்சு. ஆனா டாலர் உசந்துது, விலைவாசி அடங்கிச்சு, அதெல்லாம் அவரு சொன்னபடிதான். ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி, பாதிப் பாதி தப்பு. உக்காந்து பேசியிருந்தா ஒரு சாயாவுல தீர்ந்திருக்கும். இப்ப மிளகு கொஞ்சம் எழுந்து நிக்குது, பேச ஆளில்ல.

மூஞ்சி பாக்காததுனால ஒண்ணு ஆச்சு தம்பி. அவரு கை எனக்கு மனப்பாடம். இந்த வருஷம் மழை தொடங்கினப்பவே அந்தக் கை மெலியறது எனக்குத் தெரிஞ்சுது. மோதிரம் எலும்புல உரசுது. ஒரு நாள் சூடா இருக்கும், ஒரு நாள் ஈரமா சில்லுன்னு இருக்கும். அவரு வீட்டுக்காரம்மாவுக்கு முன்னயே எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். என்ன ஆச்சு சாமின்னு கேக்கணும். துண்டுக்குள்ள எண்ணுக்குத்தான் வழி, இதக் கேக்கறதுக்கு விரல் இல்ல. ஒரு தடவ விலை முடிஞ்சும் கைய விடாம பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு எதோ கூடுதல் விலை கேக்கறேன்னு நினைச்சு இழுத்துக்கிட்டாரு.

ஓணம் கழிஞ்சு சந்தைக்கு வரல. சுல்ஃபத் போய் விசாரிச்சுட்டு வந்தா. அப்ப ஜெயலக்ஷ்மியம்மா, சாமியோட சம்சாரம், இவகிட்ட அழுதிருக்காங்க. நான் எல்லாம் கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டும் போகல. போறேன் போறேன்னு நாளத் தள்ளிட்டேன். போய் என்ன சொல்றதுன்னு தெரியல.

நேத்து ராத்திரி அமெரிக்காவுல வோட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. நமக்கு இன்னிக்குக் காலைல. ரீகன் மறுபடி நின்னான்ல, எதுத்து மோண்டேல்னு ஒருத்தன், முன்ன கார்ட்டருக்கு உதவியா இருந்தவன். அதனால எங்க கட்சி. தோப்பான்னு தெரியும், இவ்வளவு மோசமாத் தோப்பான்னு தெரியாது. அங்க அம்பது ஸ்டேட்டு. ரீகனுக்கு எத்தனை தெரியுமா? நாப்பத்தொம்பது. துடைச்சு எடுத்துட்டான். லண்டன்காரன் சொன்னதும் ரேடியோவ அணைச்சுட்டு, சுல்ஃபத், அந்தத் துண்ட எடுன்னுட்டேன்.

ஆமா, ஆஸ்பத்திரிக்குத்தான். அங்க சாமிக்கு ரேடியோ கிடையாது. நாளைக்குப் பேப்பர்ல வரும். இருக்கற துக்கத்துல உள்பக்கத்துல ஒரு மூலையில போட்டிருப்பான், ஆனா சாமி கண்டுபிடிச்சிருவாரு. அதுக்கு முன்ன நான் போய்ச் சொல்லணும். தோத்தவன் போய்ச் சொன்னாத்தான் ஜெயிச்சவனுக்கு ருசி. அவரு ஜெயிச்சத அவருக்கு நான்தான் சொல்லணும், பேப்பர்க்காரன் சொல்லக்கூடாது.

வாயாலயே சொல்லலாமே, துண்டு எதுக்கா? நல்லாக் கேட்டீங்க.

சாமிக்குத் தொண்டையில ஆபரேஷன் தம்பி. கேன்சர். போன மாசம் குரல எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்காங்களாம். காது கேக்கும், புத்தியெல்லாம் பழையபடி. பேச்சு மட்டும் இனி வராது. நாலு வருஷமா அவரு பேசட்டும், அவரு பேசட்டும்னு இருந்தேன்.

அவருக்கு வாய் இல்லாத இடத்துல நான் மட்டும் வாயத் தொறந்து பேசிட்டு வர்றதா? அது எனக்கு ஆகாது. அதனால கட்டில் பக்கத்துல உக்காந்து துண்டப் போடுவேன். நாலு விரலப் பிடிப்பேன். அப்புறம் முழுக் கை, அப்புறம் மறுபடி நாலு விரல். நாப்பத்தொம்பது. இந்த எண்ணுல எங்க சந்தையில எந்த விலையும் இல்ல. சாமிக்கு உடனே பிடிபடும்.

அதோ எறணாகுளம் படகு ஜெட்டி தெரியுது. பெட்டியப் பாத்து எடுங்க, பலகை வழுக்கும்.

என்ன கேட்டீங்க? ஓ, மிச்சம் ஒண்ணா? அந்த அம்பதாவது ஸ்டேட்டு மோண்டேலோட சொந்த ஊரு. அது மட்டும் எங்களுக்குக் கிடைச்சுது. வாய் இருந்தா சாமி முதல்ல அதத்தான் கேப்பாரு. உங்க ஆளுக்கு எத்தனை ராவுத்தரேன்னு, நாலு பேரு சிரிக்கற மாதிரி. விரலால கேக்கட்டும். துண்டுக்குள்ள என் கைய விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கப் போறேன். அவரு ஒரு விரல் பிடிச்சாப் போதும்.