ஒரு கட்டை ஏற்றிய குரல்

இன்று 2025 ஒக்டோபர் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை. நேரம் மாலை நான்கு பத்து. மண்டபத்தில் நூற்றிருபது கதிரைகள். நிற்பவர்களையும் சேர்த்து நூற்று முப்பத்தொரு பேர். மேடைக்கு ஏறுமுன் எண்ணிவிட்டுத்தான் வந்தேன். கிறிஸ்ரி மனுவேல் என்ற ஒரு மனிதரின் நினைவுக் கூட்டத்துக்கு, இந்த மழையில், இத்தனை பேர்!

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அண்ணனின் துணைவியார் தெரேசா அக்கா அவர்களே, அலவத்துகொடையிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் ஃபாஸில் நானா அவர்களே, பாடகர் குழுவினரே, தெல்தோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் எங்கள் தோட்டத்து மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் சுதேஷ். கண்டியில் லிஃப்ட் திருத்துவது தொழில். ஆறு வருடமாக அண்ணனின் ஒலிப்பதிவு இயந்திரத்தைப் பராமரித்தவன். எனக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தொண்டர் கிறிஸ்ரி மனுவேல் செய்ததை முதலில் சொல்கிறேன். ஸ்டூடியோ வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும் இந்த ஊரில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் பாட்டைப் பதிந்து கொடுத்தது யார்? கிறிஸ்ரி மனுவேல்! முச்சக்கரவண்டி ஓட்டும் அழகமுத்து அண்ணனை மைக்குக்கு முன்னால் நிறுத்தியது யார்? கிறிஸ்ரி மனுவேல்! எதை வைத்து? நாலு தடம் உள்ள ஒரு பழைய கசட் ரெக்கோடர், இரண்டு மைக், அம்பிட்டிய வீட்டின் ஓர் அறை. கிட்டாருக்கு ஒரு தடம், ஆர்மோனியத்துக்கு ஒன்று, மேளத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. அவ்வளவுதான்!

பாடுகிறவர் அலுமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து, தெரேசா அக்காவின் சேலைகளுக்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். எதிரொலி வராது. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் அன்று பதிவு கிடையாது. பதிவு நேரத்தில் ஃபிரிட்ஜை நிறுத்துவோம். திரும்பப் போட மறந்துவிடுவோம். ஒருநாள் அக்கா மீன் சட்டியோடு வந்து நின்றார்.

"பாட்டு பதிவாச்சு, மீனு கெட்டுப்போச்சு. ரெண்டுல எதைங்க கசட்டுல போடப்போறீங்க?"

"மீனுக்குச் சுதி இல்லை தெரேசா" என்றார் அண்ணன்.

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் சிரித்த அளவுக்கு வேறு எங்கும் சிரித்ததில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அண்ணனுக்கு ஒரு கொள்கை இருந்தது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, கம்பியூட்டர் இல்லை. எங்கள் கசட் ஒவ்வொன்றின் உறையிலும் 'உள்ளது உள்ளபடி' என்று அச்சிட்டோம். அதற்குக் கீழே தொழில்நுட்பம் என்று என் பெயர். ஃபாஸில் நானா கடையில் இதைச் சொல்லியே விற்றார். "ஒரிஜினல் கொரல் மகன், ஒண்டும் சேக்கல்ல. கேட்டுட்டு சல்லியத் தாங்க" என்பார். நானா, நீங்கள் நம்பித்தான் சொன்னீர்கள். நானும் நம்பித்தான் பெயர் போட்டேன்.

அந்தக் கசட்டுகளில் அதிகம் விரும்பப்பட்டது சிந்துஜாவின் குரல். எங்கள் தோட்டத்துப் பெண். இப்போது கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வானத்தில் நிற்கும் குரல் என்றார்கள். மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருநாள் மேடையில் அதே பாட்டைப் பாட ஏறினாள். மேல்சுரத்தில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி உடைந்தது. "கசட்டுல பாடுனது இவளா, இவ தங்கச்சியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பலர் இங்கேயும் இருக்கிறீர்கள்.

இறங்கி வந்தவளிடம் அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. "தொண்டை எறங்கிருச்சு புள்ள. கொஞ்ச நாளைக்குப் பாடாம இரு." அவள் பாடாமல் இருந்தாள். இன்றுவரை.

போன கிழமை தெரேசா அக்கா என்னைக் கூப்பிட்டார். இந்தக் கூட்டத்தில் போடுவதற்கு சிந்துஜாவின் பாட்டை மூல நாடாவிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். பழைய நாடா, ஓர் இரைச்சல் கேட்டது. வீட்டு மின்சாரத்தின் முணுமுணுப்பு அது. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது முறை துடிக்கும்; வயர் வழியாக நாடாவிலும் ஏறிவிடும். ஐம்பதை வடிகட்டினேன். கிட்டார் சுத்தமானது. ஆர்மோனியம் சுத்தமானது. மேளம் சுத்தமானது. குரல் தடத்தில் மட்டும் இரைச்சல் போகவில்லை. அளந்து பார்த்தேன். ஐம்பத்தாறு.

இந்த நாட்டில் எந்த வீட்டுக்கு ஐம்பத்தாறில் மின்சாரம் வருகிறது? எந்த வீட்டுக்கும் இல்லை!

அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நான் இல்லாத நாட்களில், குரலைப் பதியும்போது நாடாவை மெதுவாக ஓட விட்டிருக்கிறார். வாத்தியங்களும் இறங்கி ஒலித்திருக்கும். அவள் தனக்கு வசதியான சுதியில் பாடியிருக்கிறாள். பிறகு வேகத்தைப் பழையபடி வைத்தால் குரலின் சுதி ஒரு கட்டை ஏறிவிடும். தன் குரலைக் கசட்டில் கேட்டால் யாருக்கும் அது அந்நியமாகத்தான் இருக்கும். அதை நம்பித்தான் அண்ணன் துணிந்தார். அந்த இயந்திரத்தில் வேகத்தை மாற்றும் குமிழுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. "அது பழுதாப்போச்சு தம்பி, அதை நோண்டாதீங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார். பிளாஸ்டரைப் பிய்த்தேன். திருகினேன். வெண்ணெய் போல் வேலை செய்தது.

மற்ற எல்லோருடைய நாடாக்களையும் அளந்தேன். எல்லாம் ஐம்பது. சிந்துஜாவின் ஒன்பது பாட்டும் ஐம்பத்தாறு.

கசட்டில் ஏற்றியதைக்கூட நான் மன்னிப்பேன். ஒரு பாட்டு அழகாக வர வேண்டும் என்ற ஆசை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் திருநாள் மேடையில் ஆர்மோனியம் வாசித்தது யார்? கிறிஸ்ரி மனுவேல்! அவளுடைய உண்மையான சுதி தெரிந்த ஒரே மனிதர் யார்? கிறிஸ்ரி மனுவேல்! ஒரு கட்டை இறக்கி வாசித்திருந்தால் அவள் பாடி முடித்திருப்பாள். கசட்டைக் கேட்டவர்கள் சுதி குறைவதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று, அவளை உடைய விட்டார். அண்ணே, உங்களுக்குக் கை எப்படி வந்தது? இரண்டாவது தடவை அவள் எடுத்தபோதும் நீங்கள் இறக்கவில்லையே! மூன்று வருடம் அவளுடைய கடைக்குப் போய் இருமல் மருந்து வாங்கினீர்களே, ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?

இதை முதலில் சிந்துஜாவிடம்தான் கொண்டுபோனேன். வேகத்தைக் குறைத்து, மற்றத் தடங்களை மூடி, அவள் குரலை மட்டும் போட்டேன். கொஞ்சம் கனமான குரல், அடியில் ஈரம் இருக்கும் குரல்.

"இது யாரு?" என்றாள்.

"நீதான்."

மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன்.

"இது நல்லாத்தானே இருக்கு சுதேஷ். இதை எதுக்கு மாத்துனாரு?"

நான் நாடாவை நிறுத்தினேன்.

"மூணு வருசமா சுடுதண்ணி குடிச்சேன்டா. ஐஸ்கிரீம்கூடத் தொடல" என்றாள். சிரித்தாள். கூட்டத்தில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு. தெரேசா அக்கா இருப்பாங்க, கொஞ்சம் மரியாதையாத் திட்டு."

தெரேசா அக்காவிடமும் கேட்டேன். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. பிறகு, "அவரு இருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டாரு தம்பி. நீங்க சொல்லிருங்க" என்றார். அக்கா, இந்த மண்டபத்தில் இன்று பெரிய மனசு உங்களுடையது.

சபையோரே! இவர் செய்த தொண்டு பொய்யா? இல்லை. இந்தத் துரோகம் பொய்யா? அதுவும் இல்லை. இரண்டையும் செய்தது ஒரே கை. எனக்கு இதை ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் வராது. அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் தொடர்கிறேன். இப்படித்தான்:

1. திங்கட்கிழமை ஃபாஸில் நானா கடைக்குப் போய், மிச்சமிருக்கும் சிந்துஜாவின் கசட்டுகளின் உறையிலிருந்து 'உள்ளது உள்ளபடி' என்பதையும் என் பெயரையும் அழிப்பேன்.

2. அந்த ஒன்பது பாட்டுக்கும் கிட்டார், ஆர்மோனியம், மேளம் மூன்றையும் ஒரு கட்டை இறக்கிப் புதிதாகப் பதிவேன். இம்முறை வாத்தியம் அவளுடைய குரலுக்கு வரும்.

3. அவள் மறுபடி பாட விரும்பினால் அறை தயார். விரும்பாவிட்டால் ஒருவரும் அவளைக் கேட்கக் கூடாது. நானும் கேட்க மாட்டேன்.

4. தெல்தோட்டையிலிருந்து பதிவுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் பதிவு நடக்கும். அக்கா சாவியைத் தந்துவிட்டார்.

5. கிறிஸ்ரி அண்ணனுக்காக அழ வேண்டும். இன்னும் அழவில்லை. முதல் நான்கும் முடியட்டும்.