மேல் வீட்டுக் கொசு

– எழுதிக்கோம்மா, மேல் வீட்டுக் கொசுதான். இதுல சந்தேகமே வேண்டாம்.

– சார், நான் மேல பார்த்துட்டுத்தான் இறங்கி வர்றேன். டீச்சர் வீட்டுல தொட்டிக்கு மூடி, மூடிக்கு மேல துணி, துணிக்கு மேல செங்கல். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டைக்கூட துடைச்சு வெச்சிருக்காங்க. ஒரு சொட்டுத் தண்ணி தேங்கி நிக்கல.

– கொசு ஆபீஸ்லேருந்து ஆள் வருதுன்னு தெரிஞ்சு துடைச்சிருப்பாங்க. கெட்டிக்காரி. நான் தினமும் போய்ப் பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா?

– தினமுமா போறீங்க?

– பின்ன? சாயங்காலம் கடையைச் சாத்தினதும் நேரா மேல போய் ஒரு சண்டை. "கொசு முதுகுல மேல் வீடுன்னு பேர் எழுதி ஒட்டியிருக்கா"ன்னு கேட்பாங்க. கேட்டுக்கிட்டே டீயும் போட்டுக் கொடுப்பாங்க. அதைக் குடிச்சுட்டு, மிச்சச் சண்டையையும் முடிச்சுட்டுத்தான் இறங்குவேன்.

– டீ குடிச்சுக்கிட்டே சண்டை போடுறவரை இப்பதான் பார்க்கிறேன். சரி, எப்ப கடிக்குது?

– பட்டப்பகல்ல. கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு ஒரு வாட்சைத் திறந்து வெச்சிருப்பேன். கையை எடுத்தா சக்கரம் தெறிச்சு ஓடிடும். அது தெரிஞ்ச மாதிரி வந்து கணுக்கால்ல குத்தும். பின்னாடியிலேருந்து. சத்தம் போடாம.

– அதான் விஷயமே. ராத்திரி காதுகிட்ட வந்து பாடுறது சாக்கடைக் கொசு. இது வேற ரகம். மேஜைக்கு அடியில இருட்டுல உட்கார்ந்திருக்கும். கடிக்கிறது பொம்பளைக் கொசு மட்டும்தான், முட்டை வைக்க அதுக்கு ரத்தம் வேணும்.

– அதான் என்னைத் தேடி வருதா?

– சிரிக்காதீங்க சார். நீங்க காலை உதறினா அரை வயித்தோட பறந்து போய் அடுத்த ஆளைக் கடிக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டை நாலு பேர்கிட்ட வாங்கிச் சாப்பிடும். காய்ச்சலும் கூடவே போகும். பின் தெருவுல ரெண்டு பேர் படுத்துட்டாங்க, அதனாலதான் ஓடி வந்தேன்.

– அப்படிப் போடு. அதைத்தான் நானும் மேல சொல்லிட்டிருக்கேன்.

– இன்னொண்ணும் இருக்கு. இதுக்குப் பிறந்த வீட்டுப் பாசம் ஜாஸ்தி. பொறந்த இடத்தைச் சுத்திச் சுத்தியேதான் கடிக்கும். கொஞ்சம் நகருங்க, அலமாரிக்குப் பின்னாடி பார்க்கணும்.

– ஏம்மா, இது வாட்ச் ரிப்பேர் கடை. இங்க தண்ணி ஏது?

– இந்தப் பாட்டில்ல இருக்கே. மணி பிளான்ட் கொடி போட்டு வெச்சிருக்கீங்களே.

– அதை அங்கேயே வெச்சுடு. அது டீச்சர் கொடுத்தது. அவங்க ஜன்னல் கொடியில ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாங்க.

– தண்ணி மாத்துறதே இல்லையா?

– அசைச்சா வேர் அறுந்து செத்துடுமோன்னு பயம். தொடவே இல்ல. ஏன், என்ன அப்படிப் பார்க்கிற?

– லென்ஸை மாட்டிக்கிட்டு நீங்களே பாருங்க.

– அடடா. வாட்ச் ஸ்பிரிங் மாதிரி புழு நெளியுதே. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல.

– கையும் களவுமா பிடிச்சாச்சு. மேல் வீட்டுக் கொசு இல்ல சார், உங்க வளர்ப்பு.

– இதுக்காகவா அந்த மனுஷியை இத்தனை நாளா பாடாப் படுத்தினேன்? அவங்ககிட்ட சொல்லிடாதேம்மா, மானம் போயிடும்.

– சொல்லல. இந்தத் தண்ணியை வெயில்ல, காஞ்ச மண்ணுல கொட்டுங்க. பாட்டிலுக்குள்ள முட்டை ஒட்டியிருக்கும், நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. கொடியை மண்ணுல நட்டுடுங்க. கொடியும் பிழைக்கும், தெருவும் பிழைக்கும். கொஞ்ச நாள்ல கொசு அடங்கிடும்.

– அடங்கிடுமா? முழுசாவா?

– நல்ல சேதி சொன்னா மூஞ்சி ஏன் சார் தொங்கிப் போச்சு?

– உன்கிட்ட சொல்றதுக்கென்ன. நான் ஒண்டிக்கட்டை. வீட்டுக்காரர் தவறினதுலேருந்து டீச்சரும் தனி ஆள்தான். ஒரு நாள் பூரா நான் வாய் விட்டுப் பேசுறது அந்தச் சண்டை ஒண்ணுதான்மா. இனிமே எதைச் சொல்லிக்கிட்டு மேல போவேன்?

– எனக்கு வேலையில பொய் சொல்ல வராது சார், அதான் வந்ததும் உண்மையைச் சொல்லிட்டேன். ஆனா நான் இறங்கும்போது டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க: "எல்லாம் சுத்தமா இருக்குன்னு கீழ சொல்லிடாதம்மா. என் வீட்டுலதான் புழு இருந்துச்சுன்னு சொல்லிடு, இல்லேன்னா அவர் படி ஏற மாட்டார்."