உள்ளே வச்சு மறந்த லைப்ரரி

கொஞ்சம் கையை இறக்குங்க. ஓட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது. நம்ம ஃப்ரேம்வொர்க்குக்குள்ள மத்தவங்க எழுதின லைப்ரரியை, அதான் ரெடிமேடா எழுதி வச்ச புரோகிராமை எல்லாம் வச்சுக் கொடுக்கலாம்னு பாதிப் பேர், கூடாதுன்னு பாதிப் பேர்... காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கீங்க. எனக்குத் தலை வலிக்குது. ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் தூக்குங்க.

திருநெல்வேலியில இருதயராஜ்னு ஒருத்தர். வெப்சைட் கட்டறவங்களுக்காக அஸ்திவாரம் மாதிரி ஒரு ஃப்ரேம்வொர்க் செஞ்சார். பேரு 'பந்தல்'. கூட வேலை பார்த்தவங்க செண்பகவல்லி. வெப்சைட்ல போட்டோ ஏத்தணும் இல்லையா? அதுக்கு வெளிநாட்டுல ஒரு புண்ணியவான் எழுதின லைப்ரரி இருந்துச்சு. நம்ம ஆளு அதை அப்படியே தூக்கிப் பந்தலுக்குள்ள வச்சுட்டார்.

செண்பகவல்லி சொன்னாங்க: "அண்ணாச்சி, வேண்டாம். வேணுங்கிறவங்க நெட்டுலேருந்து தனியா இறக்கிக்கட்டும். உள்ள வச்சா அதுக்கும் நாமதான் காவல் காக்கணும்."

இவர் சிரிச்சார். "ஏம்மா, பாவம்லா அந்தப் பிள்ளைங்க! நெட்டு எறும்பு மாதிரி ஊருது. அதை இறக்கு, இதை இறக்குன்னா விட்டுட்டு ஓடிருவாங்க. ஒரே பொட்டலமா கொடுத்துருவோம்."

கெட்ட எண்ணமா இது? சொல்லுங்க... கெட்ட எண்ணமா? இல்லைய்யா! பாசம். சுத்தமான பாசம்! அதான் எனக்கு வயிறு எரியுது.

அதோட விட்டாரா? தமிழ்ல பேரு வச்ச போட்டோ அந்த லைப்ரரியில ஏறலை. லைப்ரரிக்குள்ளேயே கையை விட்டு நாலு வரியை மாத்தினார். ஏறிடுச்சு. ஆபீஸே கை தட்டுச்சு. ஆனா எழுதின மனுஷன்கிட்ட, "ஐயா, தமிழுக்கு இப்படி ஒரு குறை இருக்கு, உங்க பக்கத்துல சரி பண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை... சொல்லலை.

அந்தப் பந்தலை வச்சு பர்வீன்னு ஒரு அம்மா, ரத்தம் கொடுக்கறவங்களுக்கு ஒரு சைட் கட்டினாங்க. எல்லாம் லேசில கிடைக்காத வகை ரத்தம். பேரு, போட்டோ, போன் நம்பர்... நம்பிக் கொடுத்தாங்க எல்லாரும். நம்ம இருதயராஜும் ஓ நெகட்டிவ். அவரும் பெருமையா தன் நம்பரைக் கொடுத்தார்.

சில வருஷம் போச்சு. அந்த லைப்ரரியில ஒரு ஓட்டைன்னு செய்தி வந்துச்சு. எவன் வேணும்னாலும் உள்ள புகுந்துடலாம். எழுதினவர் உடனே அடைச்சுப் புதுசா விட்டார். உலகமே மாத்திக்கிச்சு. பர்வீனும் செய்தியைப் படிச்சாங்க. என்ன நினைச்சாங்க தெரியுமா? "நல்ல வேளை, இதை நான் இறக்கவே இல்லை!"

புரியுதா? அவங்க இறக்கலை. அவங்களுக்குத் தெரியாம அது உள்ள உட்கார்ந்திருந்துச்சு!

செண்பகவல்லி கெஞ்சினாங்க: "அண்ணாச்சி, புதுசை வைங்க, சீக்கிரம்."

"வச்சா தமிழ்ப் பேரு போயிருமே தாயி. நான் மாத்துன வரியை மறுபடி ஒட்டணும். பொங்கல் லீவுல உக்காருதேன்."

பொங்கலுக்கு முன்னாடியே பர்வீன் சைட்டுக்குள்ள எவனோ புகுந்துட்டான். நம்பர் மொத்தமும் திருட்டுப் போச்சு. அப்புறமென்ன? "சார், லோன் வேணுமா?" "மேடம், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு!" விடிஞ்சா அடைஞ்சா இதே தொல்லை. ரத்தம் கொடுக்கிறவங்க எல்லாம் தெரியாத நம்பரை எடுக்கறதையே விட்டுட்டாங்க.

அந்த நேரம் பார்த்து சுடலைமுத்துன்னு ஒருத்தர், வாழைத்தார் ஏத்துற தொழிலாளி. லாரிக்கும் சுவருக்கும் நடுவுல கால் மாட்டிக்கிச்சு. ஓ நெகட்டிவ் ரத்தம். அது வந்தாதான் ஆபரேஷன், லேட்டானா கால் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். அவர் சம்சாரம் பேச்சித்தாய், பர்வீன் கொடுத்த நம்பரை எல்லாம் தன் போன்ல அடிச்சாங்க. மணி அடிக்குது... அடிக்குது... யாரும் எடுக்கலை. கடைசியில ஒருத்தர் எடுத்தார்.

"அண்ணே, நான் ஆஸ்பத்திரியில..."

"ஒரு லோனும் வேண்டாம், போனை வைம்மா!"

யாரு அது? ...இருதயராஜ்.

ரத்தம் மதுரையிலேருந்து லேட்டாதான் வந்துச்சு. உயிர் தங்குச்சு. கால் தங்கலை.

பர்வீன் மூலமா விஷயம் தெரிஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் இருதயராஜ். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டார். பேச்சித்தாய் குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சாங்க. திட்டலைய்யா அந்தம்மா! "நீங்கதானாண்ணே அது? விடுங்க. கண்டவனும் கூப்பிட்டா உங்களுக்கும் தொல்லைதானே"ன்னாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா அந்த மனுஷன் தாங்கியிருப்பார்.

இப்ப உங்ககிட்ட கேக்கறேன். பர்வீன் என்ன தப்பு பண்ணாங்க? உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொன்னது? அடுத்தவர் எழுதினதை உள்ள வச்சா, வச்ச அன்னிக்கே அது உங்க பிள்ளை. அதுக்குக் காய்ச்சல் வந்தா நீங்கதான் முழிச்சிருக்கணும். அங்க பொங்கல் லீவு கிடையாது. முடியும்னா தாராளமா வைங்க, என்ன வச்சிருக்கோம்னு எல்லாருக்கும் சொல்லிட்டு வைங்க. முடியாதுன்னா வெளியிலேயே இருக்கட்டும். இறக்கிக்கிறதுல கொஞ்சம் சிரமப்பட்டாலும், நம்ம பிள்ளைங்க தாங்கிக்குவாங்க.

சரி... இப்ப கையைத் தூக்குங்க. ஆனா 'உள்ள வைக்கலாம்'னு தூக்கறவங்க மட்டும் உடனே இறக்கிடாதீங்க. அதை யாரு பார்த்துக்கப் போறீங்கன்னு உங்க பேரைச் சொல்லிட்டு இறக்குங்க.