ரெண்டு பேர்க்காரி

ஆஸ்பத்திரிச் சீட்டுல ஒரு பேருதான் எழுத முடியும்னா எதைச் சொல்ல, சிஸ்டர்? புள்ளைக்கு நான் வச்சது ஒண்ணு, அவ வச்சது ஒண்ணு. மெதுவா பேசணுமா? என் தொண்டையே இப்படித்தான். மில் வாசல்ல மைக் இல்லாம பேசிப் பழகினது. லவுட்ஸ்பீக்கர்னுதான் அங்க எனக்குப் பட்டப்பேரு. புள்ள முழிச்சுக்கும்ங்கறீங்களா? தோள்லதானே கிடக்கு, ஒண்ணும் ஆகாது.

அம்மாவா? அதோ, ஜன்னலோரம் பச்சைப் பையை மடியில வச்சுக்கிட்டு. கிட்ட வர மாட்டா. இது வயித்துல இருக்கும்போதே பிரிஞ்சுட்டோம்.

என் பேருக்கு என்ன குறைச்சல், நீங்களே சொல்லுங்க. கூலியை ஏத்தச் சொல்லி மில் வாசல்ல படுத்தப்ப எங்க சங்கத்துத் தோழி ஒருத்திமேல லாரியை விட்டுட்டாங்க. தறி ஓட்டினவ. அவ பேரைத்தான் வச்சேன். செத்தவ பேரு என் புள்ளைக்கு வேண்டாம்னா இவ. ஊருக்குக் கத்தினது போதும், தொட்டில்லயும் கொடி கட்டாதீங்கன்னா. சரி, அவ வச்சது என்ன? அவங்கம்மா பேரு. என்னை உள்ள விடாம படியிலயே நிக்கவச்சுப் பேசி அனுப்பின மாமியார். அந்தப் பேரு என் வாயில வருமா?

ஞாயித்துக்கிழமைதான் புள்ளையை எங்கிட்ட விடுவா. நான் வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு மில்லே திரும்பிப் பார்த்த குரல், சிஸ்டர். இது பாட்டுக்குக் கால் கட்டைவிரலைச் சப்பிக்கிட்டுக் கிடக்கும். அப்பன் கூப்பிட்டா பார்க்காதேன்னு அவதான் பழக்கிவிட்டிருக்கான்னு தெருவுல வச்சே கேட்டுட்டேன். அவ சும்மா விடுவாளா? நீங்கதான் சங்கத்துக்கு ஆள் சேர்க்கற மாதிரி புள்ளையை உங்க பக்கம் இழுத்துட்டீங்க, நான் கூப்பிட்டாலும் பார்க்கறதில்லைன்னு என்மேல பாஞ்சா.

நேத்து சாயங்காலம் இதைத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னா. சண்டைக்குத்தான் வந்திருக்கான்னு நான் எடுத்த எடுப்புலயே குரலை ஏத்தினேன். அவ நேரா உள்ள வந்தா, புள்ளையைப் பாயில உக்காரவச்சா, அது முதுகுக்குப் பின்னால போய் என் எவர்சில்வர் குடத்தை ஓங்கித் தரையில போட்டா. பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாரு. இது பாய் ஓரத்தைப் பிச்சுக்கிட்டே உக்காந்திருந்தது.

பேரு இப்ப இருக்கட்டும். காது டாக்டர் எந்த ரூம்னு மட்டும் சொல்லுங்க. நீங்க குரலைத் தணிக்க வேண்டாம், சிஸ்டர். இவ முழிச்சுக்க மாட்டா.