படி வேண்டாத பாதை

— நாலாவது தடவையா உங்க செருப்புக் கடை ஏறி வர்றேன், ஹபீப் பாய். அஞ்சு மணிக்குள்ள இந்தப் பேப்பர் வானூர் ஆபீஸ்ல இருக்கணும். கையெழுத்துப் போடுங்க.

— இரும்மா ஈஸ்வரி. உப்பு வார்றவளுக்கு இவ்ளோ அவசரமா? வெயிலுக்குக் காத்திருக்க மாட்ட? அது மாதிரி எனக்கும் காத்திரு.

— வெயிலு சொன்ன நேரத்துக்கு வருது பாய். மகளிர் குழு தலைவின்னு பேரு, உங்க வாசல்ல நின்னே எஞ்செருப்பு தேஞ்சு போச்சு.

— புதுசு தர்றேன், போட்டுக்கோ. சரி, திரும்பச் சொல்லு. ரோட்டுலேருந்து கழுவெளி ஏரித் தண்ணி வரைக்கும் எந்நிலத்துல நடைபாதை. பத்து வருஷத்துக்கு பிளாட் போடக் கூடாது. அதானே?

— அதேதான். நிலம் உங்களுதுதான். பறவைங்க எறங்குற சேறு அப்படியே கெடக்கணும், ஜனங்க போய்ப் பாக்கணும். அதுக்குத்தான் கவர்மெண்ட் கிராண்ட். நீங்க போடலைன்னா அது வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் புரோக்கர் ராஜாங்கம் வந்து கழுவெளியையே கூறு போட்டுடுவான்.

— ஜனங்க எம்பட்டிய தொறந்து போட்டு, ஆடெல்லாம் ஓடிப்போச்சுன்னா?

— மூணாம் பக்கம் பாருங்க. தானா மூடிக்கிற கேட்டு.

— பனமரத்துல கைய வச்சா?

— ஒண்ணத் தொட மாட்டோம். அதுக்குக் கீழயே எழுதியிருக்கு.

— போர்டுல எம்பேரு?

— இருக்கு. சின்ன எழுத்துல.

— ஏன் சின்ன எழுத்து?

— பெருசாப் போட்டா, நீங்க அங்கயே நின்னுகிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் குவைத் கதை சொல்லுவீங்களாம்.

— யா அல்லா! யாரு எழுதினது இத? எம்மனசுக்குள்ள பூந்து பாத்த மாதிரி இருக்குது.

— கையெழுத்தப் போடுங்க, சொல்றேன்.

— ஒண்ணே ஒண்ணும்மா. படி வைக்கக் கூடாது. சரிவாப் போடணும், ஒரு பக்கம் கைப்பிடியோட.

— அடேங்கப்பா! குவைத் ஷேக்குக்குப் படி ஏறுனா கால் நோவுமா?

— கிண்டல் பண்ணாத. வீல்சேர் போகணும்மா. எவ்வீட்டுக்காரி மெஹரூன்னிசாவுக்கு சுகர்ல கால எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, உனக்குத் தெரியாததா? வீட்டுக்குள்ள நொழைஞ்சாப் போதும், மொதக் கேள்வி, “பூநாரை வந்துச்சா?” அந்தச் சேத்துல எப்பிடிக் கூட்டிட்டுப் போறது? “இன்னும் வரல”ன்னு பொய் சொல்லிட்டிருக்கேன். இதக் கேக்கத்தான் நாலு தடவையா உன்ன இழுத்தடிச்சேன். வாய் வரல. வெக்கமா இருக்குதும்மா.

— கடைசிப் பக்கத்தத் திருப்புங்க பாய்.

— “படி வேண்டாம். சரிவுப் பாதை, கைப்பிடியோட. வீல்சேர்...” ஈஸ்வரி, யாரும்மா எழுதினது இத?

— மெஹரூன்னிசா அக்காதான். பூநாரை வந்த அன்னிக்கெல்லாம் நான் போன்ல போட்டோ அனுப்புறேன், பாத்துட்டு அழிச்சிடுவாங்க. “வரலைன்னு சொல்லும்போது அந்த மனுஷன் மொகத்தப் பாக்கவே பாவமா இருக்கு, நான் நம்புற மாதிரியே இருந்துட்டுப் போறேன்”னாங்க.