சுடலைமணிக்கு நெஞ்சு வலி வந்தா...

சரி... பின்னாடி நிக்கிறவங்களும் கொஞ்சம் உக்காருங்க. மில்லு இன்சூரன்ஸ் இருக்கும்போது தனியா இன்னொண்ணு போடணுமா, வேண்டாமான்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பதில் அப்புறம். முதல்ல அம்பாசமுத்திரத்துல நடந்த ஒரு சின்ன சங்கதி... அதைச் சொல்லிடுறேன்.

சுடலைமணின்னு ஒருத்தர். நூல் மில்லுல ஃபிட்டர். வயசு அம்பத்தஞ்சு. சம்சாரம் பேரு ஆவுடையம்மாள். வீட்டுக்கு வந்த ஏஜென்ட் சொல்றாரு, "மில்லு கார்டு பத்தாது சார், தனியா ஒரு பாலிசி போடுங்க. வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரம்."

சுடலைமணி குதிக்கிறாரு! "இருபத்தெட்டாயிரமா! ஏட்டி, எனக்கென்ன கேடு? தும்மல்கூட வரமாட்டேங்கு! மில்லு கார்டு இருக்குல்லா?"

அந்தம்மா கேக்குது: "அந்தக் கார்டு எம்புட்டு குடுக்கும்?"

"நெறைய குடுக்கும்."

"நெறையன்னா எம்புட்டு?"

"...நெறைய!"

சிரிக்கிறீங்க! உங்க கார்டு எம்புட்டு குடுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? கையைத் தூக்குங்க பாப்போம்... ம்ம்... ரெண்டு கை. அதுல ஒண்ணு விசிறுற கை!

மறுநாளே புருஷனை இழுத்துக்கிட்டுத் திருநெல்வேலியில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு அந்தம்மா. எதுக்கு? அந்தக் கார்டு எம்புட்டு குடுக்கும்னு விசாரிக்க! அன்னைக்குப் பாத்து லிஃப்ட் ஓடல. மூணு மாடி ஏறி, வேர்த்து விறுவிறுத்து, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு சுடலைமணி. எதிர்ல வந்த நர்ஸ்கிட்ட அந்தம்மா மூச்சு வாங்கிக்கிட்டே ஆரம்பிக்குது: "இவருக்கு நெஞ்சு வலி வந்தா..."

"வந்தாச்சா!"

அவ்வளவுதான்! வீல் சேர் வந்துருச்சு. ரெண்டு பேரு அமுக்கி உக்கார வச்சுட்டாங்க.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் ஐயா சொல்லுவாங்க!"

"சத்தியமா நல்லா இருக்கேன்!"

"பேசாதீங்க ஐயா, பேசினா இன்னும் கூடும்!"

பின்னாடியே அந்தம்மா ஓடுது: "ஏம்மா... வந்தான்னுதான் சொன்னேன்! வந்துட்டுன்னு சொல்லலியே!"

ஈசிஜி எடுத்தாச்சு. டாக்டர் பாத்தாரு, சிரிச்சாரு. "நெஞ்சு நல்லா இருக்கு. நடந்தே போகலாம்."

சுடலைமணிக்குச் சந்தோசம் தாங்கல! "பாத்தியாட்டி? இருபத்தெட்டாயிரம் மிச்சம்!"

அதே ஜோர்ல போயி, இன்சூரன்ஸ் கவுண்டர்ல கார்டை நீட்டினாரு. அங்க இருந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துச்சு.

"ஐயா, வருஷத்துக்கு மூணு லட்சம் வரைக்கும் இருக்கு. நீங்க ரிட்டையர் ஆகுற அன்னைக்கு முடிஞ்சிடும். அப்புறம்... இதுல உங்க பேரு மட்டும்தான் இருக்கு. அம்மா பேரு இல்லையே?"

இல்லையே...

இருபத்தாறு வருஷக் குடித்தனம்! ஒரு ஃபாரத்துல பேரு எழுதிக் கொடுக்கணும்னு மனுஷனுக்கு ஒரு நாளும் தோணல. அந்தம்மாதான் சொல்லுச்சு: "விடுங்க... எனக்கென்ன கேடு?"

மறுநாள் மில்லுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா பேரைச் சேர்த்தாரு. அதுக்குப் பைசா கிடையாது! ஏஜென்ட் திரும்ப வந்தப்ப, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு வரிக்கும் கேள்வி. "இது எதுக்கு? அது யாருக்கு?" ஏஜென்டுக்கு வேர்த்துப்போச்சு! வேண்டாததை எல்லாம் கழிச்சு, பதினாறாயிரத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாலிசி போட்டாங்க.

மூணு வருஷம் ஒரு சீக்குமே வரல. முனகிக்கிட்டே கட்டினாரு. ரிட்டையர் ஆனாரு. ரெண்டாவது மாசம்... ஆவுடையம்மாளுக்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேஷன். மில்லு கார்டு முடிஞ்சுபோச்சு. பாலிசிதான் கை கொடுத்துச்சு. அந்தம்மா நல்லபடியா கண்ணு முழிச்சுப் பாத்தா, புருஷனைக் காணோம்! எங்க? வார்டு முழுக்க ஒவ்வொரு கட்டிலா போயி, "அண்ணாச்சி, உங்க கார்டுல மதினி பேரு இருக்கா?"ன்னு விசாரிச்சுக்கிட்டிருக்காரு!

இப்ப சொல்லுங்க. எல்லாரும் ஓடிப்போயி பாலிசி போடுங்கன்னா சொல்றேன்? இல்ல! சிலருக்குக் கையில இருக்கிறதே போதும். சிலருக்குப் பத்தாது. நீங்க எந்தப் பக்கம்? அதை ஏஜென்ட் முடிவு பண்ணக் கூடாது. பயம் முடிவு பண்ணக் கூடாது. வீம்பும் முடிவு பண்ணக் கூடாது! யாரு பேரு இருக்கு... எம்புட்டு வரைக்கும்... என்னைக்கு முடியும்... இதைப் பாத்துட்டு நீங்க முடிவு பண்ணணும். உடம்பு நல்லா இருக்கிற இன்னைக்கே! வீட்டுக்குப் போங்க, பீரோவைத் திறங்க, ரெண்டு பேருமா உக்காந்து அந்தக் காகிதத்தை வாசிங்க!